வெள்ளிக்கிழமைச் சீட்டு

ஆம்பூர் பஜாருக்குப் பின்தெருவில் சர்ச் சபையார் நடத்திய நூலகத்தில் பெர்சிஸ் பல வருடமாக நூலகர். கண்டிப்பானவள் என்று பெயர். உண்மையில் புத்தகத் தாளை மடக்குகிறவர்களிடம் மட்டும்தான் கண்டிப்பு. 2006-இல் மடக்கக்கூட ஆள் வரவில்லை. மூன்று மாதத்தில் வாசகர் சேராவிட்டால் மூடிவிடுவதென்று கமிட்டி முடிவெடுத்தது. பெர்சிஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கமிட்டியில் ஜெஸ்டன் என்று ஒருவன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துத் திரும்பியவன். "வருஷத்துக்குத் திட்டம் போடாதீங்கக்கா. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு செஞ்சு பாருங்க, சரிப்படலன்னா வேற. எங்க ஆபீஸ்ல இதை அஜைல்னு சொல்வாங்க" என்றான். சுவரில் பலகை மாட்டி மூன்று கட்டம் போட்டான்: செய்யணும், செய்றோம், முடிஞ்சது. ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதிக் குத்தி, கட்டம் கட்டமாக நகர்த்த வேண்டும். தினமும் காலையில் நின்றபடியே கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம். இருந்ததே பெர்சிஸும், பெருக்கித் துடைக்கிற சுந்தரியும்தான். வெட்கமாக இருந்தாலும் நின்றார்கள்.

முதல் சீட்டுக்கு அலமாரிகளை இடம் மாற்றினார்கள். முதுகுவலிதான் மிச்சம். அடுத்த சீட்டுக்குச் சமையல் புத்தகங்களை வாசலருகே வைத்தார்கள். எட்டிப் பார்த்தவர்களும் போய்விட்டார்கள்.

"யாருதான் சுந்தரி வருவாங்க?" என்று ஒரு காலையில் பெர்சிஸ் அலுத்துக்கொண்டாள்.

"ஷூ கம்பெனி பொம்பளைங்க வர்றாங்கம்மா. தொழுகை நாளுன்னு வெள்ளிக்கிழமைதானே அவங்க கம்பெனிக்கு லீவு. பூட்டைப் பார்த்துட்டுப் போய்ட்றாங்க. என் வீடு எதிர்லதானே இருக்கு."

"இத்தன நாளா ஏண்டி சொல்லல?"

"நீங்க எங்கம்மா கேட்டீங்க?"

அரசு நூலகத்துக்கு வெள்ளி விடுமுறை என்பதால் இங்கேயும் விடுமுறை. ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. அன்றுதான் சர்ச்சில் உபவாச ஜெபம். கல்யாணமான நாளிலிருந்து பெர்சிஸ் அதைத் தவறவிட்டதில்லை, விட மனசே வரவில்லை. இரண்டு நாள் கலங்கிவிட்டு, 'வெள்ளி திறப்பு' என்று எழுதி நடுக்கட்டத்தில் குத்தினாள்.

அந்த வெள்ளி ஷூ கம்பெனியின் தையல் பிரிவு அஃப்ஸர் ஜஹான் படியிலேயே நின்று, "நெசமாவே தொறந்திருக்கா?" என்றாள். மறுவாரம் தோழிகளோடு வந்தாள். மதியம் பெர்சிஸ் கண்மூடி ஜெபித்து உபவாசம் முடிக்கும்வரை அவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். பிறகு டிபன் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்கள். பெர்சிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெள்ளிக்கு வெள்ளி வாசகர் கூடினார்கள்; மூடுகிற பேச்சைக் கமிட்டி அதன்பின் எடுக்கவில்லை.

"அந்தச் சீட்டை முடிஞ்சதுக்கு மாத்தலியாக்கா?" என்று ஜெஸ்டன் கேட்டான்.

"அது எங்க தம்பி முடிஞ்சது? வர்ற வெள்ளியும் வருவாங்களே."

அவள் ஓய்வு பெறும்வரை அந்தச் சீட்டு நடுக்கட்டத்திலேயே இருந்தது.