அவல் குடித்த தண்ணீர்

கைலாசத்துக்கு ஐம்பத்தாறு வயது. பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்குள்ளேயே தறி போட்டு முப்பத்தெட்டு வருடமாகப் பட்டு நெய்கிறவர். அதிகம் பேச மாட்டார். யாராவது பேச்சுக் கொடுத்தால் கையை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்பார். பதில் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். ஆனால் கண் கூர்மை. ஒரே அரக்குச் சிவப்பில் இரண்டு சாயல் கலந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால், தெருவில் எல்லோரும் நூலை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள்.

அந்தக் கண் தன் உடம்பு விஷயத்தில் மட்டும் அவரைக் கைவிட்டுவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு கோடையில், தறியில் உட்கார்ந்தபடியே செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். வெயில்தான் காரணம் என்று நினைத்தார். மனைவி சங்கரியும் அப்படித்தான் நினைத்தாள். குளியலறை மூலையில் எறும்பு மொய்ப்பதை அவள் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. அதற்குள் வலது கால் கட்டைவிரலில் பட்டிருந்த சின்னக் காயம் அழுகிப்போய், விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. தறிக் குழிக்குள் காலை விட்டு மிதிபலகையை மிதித்துப் பிழைக்கிறவருக்கு அது சின்ன இழப்பு இல்லை. நான்கு மாதம் தறி சும்மா கிடந்தது. பிறகு பலகையில் துணியைச் சுற்றி, பாதத்தின் நடுப்பகுதியால் மிதிக்கப் பழகிக்கொண்டார்.

அன்றிலிருந்து யார் அதிகமாகத் தண்ணீர் குடித்தாலும் அவருக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மூன்றாவது தம்ளர் கேட்டால், "சுகர் பாத்துக்கினீங்களா?" என்பார். முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் கேட்காமல் விடமாட்டார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத் தை மாதத்தில் ஒரு முயல் வந்தது. மகள் மஹாலட்சுமிக்குச் சென்னையில் வேலை. தோழிகளோடு தங்கியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு விடுதிக்குப் போனாள். அங்கே முயலுக்கு இடமில்லை. கூண்டோடு கொண்டுவந்து தறிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதும்பேரு அவல். கொஞ்ச நாளு பாத்துக்கோப்பா" என்றாள். கைலாசம் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

முதல் வாரம் அதைத் திரும்பிப் பார்க்காமலே நெய்தார். இரண்டாவது வாரம் கூண்டைத் திறந்துவிட்டார். அது நேராக வந்து அவர் உட்காரும் பலகைக்கு அருகே கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டது. தறிச் சத்தத்துக்கு அது மிரளவில்லை. சத்தம் நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்த்தது. மூன்றாவது வாரத்திலிருந்து மஹாலட்சுமி போனில் முயலைப் பற்றிக் கேட்டால், பதில் ஒரு வார்த்தையில் முடியவில்லை.

வைகாசி பிறந்து கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு காலையில், கூண்டில் மாட்டியிருந்த அரை லிட்டர் பாட்டில் காலியாக இருப்பதைக் கைலாசம் பார்த்தார். முந்தின நாள் காலையில்தான் நிரப்பியிருந்தார். எப்போதும் இரண்டு நாள் வரும். பாட்டில் ஒழுகுகிறதோ என்று அடியில் வெள்ளைத் துணி விரித்துப் பார்த்தார். துணி நனையவில்லை. மறுபடி நிரப்பிவிட்டுப் பாட்டிலில் நூல் கட்டி அடையாளம் வைத்தார். ராத்திரியே அது காலியாகி, இன்னொரு முறை நிரப்ப வேண்டியதாயிற்று. அடுத்த நாள் காலையில் கணக்குப் பார்த்தபோது மொத்தம் அறுநூறு மில்லி போயிருந்தது.

"வெயிலுங்க. நமக்கே நாக்கு வறண்டு போவுது" என்றாள் சங்கரி.

"அன்னிக்கும் இதத்தான சொன்னோம்" என்றார் அவர்.



அடுத்த நாள் கூண்டைக் கழுவப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். முயல் மூத்திரம் பெய்யும் மூலையில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் விரல் இல்லாத இடத்தில் சுரீர் என்றது.

பிறகு அவர் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் அவருக்கு வெட்கம். தண்ணீரைக் குறைத்தால் எல்லாம் கட்டுக்குள் வந்துவிடும் என்று எப்படியோ தோன்றிவிட்டது. காலை பத்து மணிக்குப் பாட்டிலைக் கழற்றி அடுக்களையில் வைத்தார். இரண்டரை மணிக்குத் தறியை விட்டு எழுந்து பார்த்தபோது, வைத்த தீனி வைத்தபடியே இருந்தது. அவல் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் தொட்டும் காதை அசைக்கவில்லை.

ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்துவந்து மாட்டினார். மாட்டியதும் முயல் குடித்தது. ஆனால் தின்னவில்லை. புடவை கொண்டுபோகும் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, முயலை உள்ளே வைத்தார். மறக்காமல் தண்ணீர்ப் பாட்டிலையும் தீனிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார்.

"மஹாவுக்குச் சொல்லட்டா?" என்றாள் சங்கரி.

"வேணாம். என்னான்னு தெரியட்டும்."

ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். மாட்டாஸ்பத்திரியில் அவருக்கு முன்னால் ஒரு ஆடும் இரண்டு நாயும் காத்திருந்தன. டாக்டர் ரேணுகாம்பாள் முப்பது வயதுக்காரி. பெட்டியைத் திறந்ததும் முயலின் வயிற்றில் காதுக்குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள்.

"என்ன பண்ணுது ஐயா?"

"தண்ணி ரொம்பக் குடிக்குதும்மா. ஒரு நாளைக்கு அறுநூறு மில்லி."

"அளந்தே பாத்தீங்களா?" டாக்டர் நிமிர்ந்தாள். "யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க. ரெண்டு கிலோ முயலுக்கு நூறுலேந்து முந்நூறு வரைக்கும் சரி. அறுநூறு ஜாஸ்திதான். சாப்பாடு?"

கைலாசம் தரையைப் பார்த்தார். பாட்டிலைக் கழற்றி வைத்ததைச் சொன்னார். நாலரை மணி நேரம் என்றும் சொன்னார்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "இனிமே என்ன ஆனாலும் தண்ணிய மட்டும் நிறுத்தாதீங்க ஐயா. தண்ணி இல்லன்னா முயல் தின்னாது. தின்னலன்னா கொடல் நின்னு போயிடும். ஒரே நாள்ல உயிருக்கே ஆபத்து. நல்ல வேள, இதுக்கு வயித்துல சத்தம் கேக்குது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார். "சக்கரையாம்மா? எறும்பு மொய்ச்சுதே. எனக்கு அப்படித்தான் கண்டுபிடிச்சாங்க."

"முயலுக்கு அது ரொம்ப அபூர்வம். ஆனாலும் பாத்துடலாம்."

பெட்டியில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளில் முயல் வழியிலேயே பெய்திருந்தது. டாக்டர் அதை ஊசியில் உறிஞ்சி, சோதனைப் பட்டையில் ஒரு சொட்டு விட்டாள். அந்தப் பட்டை கைலாசத்துக்குப் பழக்கமானது. கட்டத்தின் நிறம் மாறத் தொடங்குகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. அட்டையில் இருந்த முதல் கட்டத்தின் நிறம் எதுவோ, பட்டையிலும் அதேதான். துளிகூட மாறவில்லை. டாக்டர் வாய் திறக்கும் முன்பே அவர் சொன்னார்: "இல்லம்மா. சக்கர இல்ல."

"இல்ல" என்று டாக்டரும் சிரித்தாள். "கிட்னிக்கு மட்டும் ரத்தம் எடுத்து அனுப்புறேன். நாளைக்குத் தெரிஞ்சிடும். இப்ப சொல்லுங்க, ஒரு மாசமா வீட்ல என்ன மாறிச்சு?"

அவர் யோசித்தார். திருப்புட்குழியிலிருந்து கண்ணாயிரம் தினமும் தெருவுக்குக் கீரை கொண்டுவருவார். முயலுக்கென்று ஒரு கட்டு பசும்புல்லும் முள்ளங்கி இலையும் தனியாக எடுத்து வைத்துக் கொடுப்பார். வண்டியிலிருந்து விழுந்து கை முறிந்ததால் மூன்று வாரமாக அவர் வரவில்லை. அதைக் கேட்ட மஹாலட்சுமி சென்னையிலிருந்து தீனிப் பொட்டலம் அனுப்பியிருந்தாள். அப்போதிலிருந்து முயலுக்கு அந்தக் காய்ந்த தீனிதான்.

டாக்டர் பொட்டலத்தை வாங்கிப் பின்பக்கம் படித்தாள். "பச்சையில பாதிக்கு மேல தண்ணிதான் ஐயா. அது வயித்துக்குப் போயிக்கிட்டு இருந்தவரைக்கும் பாட்டில்ல கொஞ்சமாக் குடிச்சுது. இப்ப முழுக்கக் காய்ஞ்ச தீனி, வெளியில இந்த வெயில். அந்தத் தண்ணியையும் சேத்துக் குடிக்குது. இதுல வெல்லப்பாகு கலந்திருக்குது, பாருங்க. இதோட தூளு அந்த மூலையிலயும் சிந்தியிருக்கும், எறும்பு வராம என்ன பண்ணும்? கூண்டுல வேற ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"ஒரு உப்புக்கட்டி தொங்குதும்மா. பொண்ணு அனுப்பினது. நக்கிக்கினே இருக்குது."

"அதக் கழட்டிப் போடுங்க மொதல்ல."

டாக்டர் ஒரு ஊசி போட்டாள். வாயில் கொஞ்சம் மருந்து விட்டாள். ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுச் சுவரோரம் முளைத்திருந்த அறுகம்புல்லைக் கழுவிக்கொண்டுவரச் சொன்னாள். கைலாசம் தானே போய்ப் பிடுங்கி, குழாயில் அலசிக் கொண்டுவந்து பெட்டிக்குள் நீட்டினார். அவல் முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு ஒரு தாளைப் பல்லால் பிடித்து உள்ளே இழுத்தது. இன்னொரு தாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கூண்டைச் சூடு அடிக்கும் மேற்குச் சுவரை விட்டு நகர்த்தி, ஜன்னலுக்கு எதிரே வைத்தார்கள். உப்புக்கட்டியைச் சங்கரி கழற்றி எறிந்தாள். தீனியை ஒரு பிடியாகக் குறைத்து, பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லியிருந்தாள் டாக்டர். மறுநாள் காலையில் கைலாசம் சைக்கிளில் மார்க்கெட்டுக்குப் போய் முள்ளங்கி இலையோடு வந்தார்.

அன்று சாயங்காலம் டாக்டர் போன் செய்தாள். "கிட்னி நல்லா இருக்குது ஐயா. ஒண்ணும் இல்ல."

அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிவிட்டு, அவர் போனைச் சங்கரியிடம் கொடுத்துவிட்டார்.

மஹாலட்சுமியிடம் அப்புறம்தான் சொன்னார். பாட்டிலைக் கழற்றி வைத்ததையும் மறைக்கவில்லை.  "உப்புக்கட்டி நான்தானப்பா அனுப்பினேன்" என்றாள். பிறகு, "நீ பயந்துட்டியா?" என்றாள்.

"ரொம்ப" என்றார் கைலாசம்.

ஐந்தாம் நாள் அவல் குடித்தது இருநூற்றைம்பது மில்லியில் நின்றது. அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தறிக்குப் போகவில்லை. வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். பகலில் அவர் தூங்கிச் சங்கரி பார்த்ததே இல்லை. அவல் அவர் கைப்பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. பாதி நெய்த புடவை தறியில் காத்திருந்தது. சங்கரி எழுப்பவில்லை. யாரும் வந்து கூப்பிட்டுவிடக் கூடாது என்று தெருக்கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.