மரத்த வாய்க்கு வந்த கறிக்குழம்பு

ரங்கன் என் பெரியப்பன் பேரன், முறைக்கு எனக்கு மகன். மலைமேல் புதூர்நாட்டில் சாமை போட்டு, புளி உலுக்கிப் பிழைக்கிறவன். தன் மகளைக் கூடப்பிறந்த அக்கா மாதம்மாளின் மகனுக்குக் கொடுக்காமல், மலைக்குக் கீழே கீழ்நாட்டில் கட்டிக்கொடுத்துவிட்டான். அன்றோடு அக்கா அவன் வீட்டுப் படி ஏறவில்லை.

இந்த வருஷம் மாரியம்மன் பண்டிகைக்கு மறுநாள், கறிக்குழம்புச் சட்டியோடு அவளாகவே வந்தாள். ரங்கனோ அப்போதுதான் திருப்பத்தூரில் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கியிருந்தான். ஊசி போட்ட மரப்பு விடும்வரை எதையும் மெல்லக் கூடாது, அப்புறமும் ஆறின கஞ்சிதான் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

"பல்லு புடுங்கிட்டு வந்தேன்க்கா" என்று கன்னத்தைக் காட்டினான்.

"நான் வர்ற அன்னிக்கித்தான் புடுங்கணுமா? என் கையால துன்ன புடிக்கலன்னு சொல்லேன்" என்று மாதம்மாள் சட்டியைத் தூக்கினாள்.

இப்போது போனால் இனி வரமாட்டாள் என்று ரங்கனுக்குத் தெரியும்.

"போடுக்கா" என்று உட்கார்ந்தான்.

மென்றான். சூடும் தெரியவில்லை, காரமும் தெரியவில்லை. கறியென்று நினைத்துத் தன் கன்னத்தையே கடித்திருக்கிறான். சோற்றில் ரத்தம் சொட்டின பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

"துப்புடா, துப்பு! இன்னாத்துக்குடா வாய்ல வெச்ச?" என்று அக்கா இலையை இழுத்துக்கொண்டாள். சுத்தமான துணியை மடித்து, ரத்தம் வந்த இடத்தில் வைத்துக் கடிக்கச் சொன்னாள்.

"வலிக்குதா?"

"ஒண்ணும் தெரியலக்கா."

அவளே அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தாள். அது ஆறும்வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மகள் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.