அம்மா மேயரிடம் கேட்டது

என் அப்பா கொத்தனார். மெயின்லாந்தில் ஒரு பெரிய நகரத்தில், மேயர் கட்டிய மார்க்கெட்டுக்குச் சுவர் எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். பல வருஷங்கள் அந்த நகரத்தில் மேயர் சொன்னதுதான் நடந்தது. வீதிதோறும் குழாய்த் தண்ணீர், விளக்கு எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. மார்க்கெட்டுக்குப் போகும் அகலமான ரோடும் அவர் போட்டதுதான். அந்த ரோட்டுக்காக இடித்த குடிசைகளில் எங்களுடையதும் ஒன்று.

அப்போது எனக்கு மூன்று வயது. தம்பிக்கு ஆறு மாதம். குடிசை இழந்தவர்களை மழைக்காலத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் தங்க வைத்தார்கள். அங்கே தம்பிக்குக் காய்ச்சல் கண்டு, நாலாம் நாள் இறந்துவிட்டான். ஓடைக்கரையில் சிறு பிள்ளைகளைப் புதைக்கும் இடத்தில் அவனைப் புதைத்தார்கள். அந்த வருஷ முடிவில் அப்பா ஒரு கான்ட்ராக்டரோடு பேசி எங்களைக் கூட்டிக்கொண்டு இந்தத் தீவுக்குக் கப்பலேறிவிட்டார். இவ்வளவும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்பா மேயரைப் பற்றி மட்டும்தான் பேசுவார். இங்கே, நாங்கள் குடியிருந்த டாலிகஞ்சில் சேறு மிதித்து வீட்டுக்கு வரும்போதெல்லாம், "எங்க மேயர் இருந்தா ரோடு இப்படிக் கெடக்குமா?" என்பார். பக்கத்து வீட்டு வங்காளிக்கும் இந்தியில் அதையே சொல்லுவார்.

அறுபதுகளில் ஒருநாள் அந்த மேயரே எங்கள் தீவுக்கு வந்தார். பதவி போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஷாதிபூரில் தமிழர்கள் கூடி வரவேற்பு வைத்தார்கள். அவர் ஊர்க்காரி என்பதால் அம்மாதான் மாலை போட வேண்டும் என்றார் அப்பா. அம்மா மறுக்கவில்லை.

மேயர் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்று மாலையை வாங்கிக்கொண்டார்.

"நம்ம ஊராமே! எந்தத் தெரும்மா?"

"மார்க்கெட் ரோடு போட்டீங்களே, அங்க குடிசையில இருந்தோம்ங்க." அம்மாவின் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "ஓடைக்கரையில பச்சப்புள்ளைங்களப் பொதைக்கிற எடம் இருந்துச்சு. அது இன்னும் இருக்குதுங்களா? எம் புள்ள அங்க இருக்கான்."

மேயர் யோசித்தார்.

"ஞாபகம் இல்லையேம்மா. விசாரிச்சு எழுதறேன்."

வீடு வரும் வழியெல்லாம் அப்பா கொதித்தார். "நாலு பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டே. அவரு ரோடு போட்டது தப்பா?"

"தப்புன்னு சொன்னேனா? எங்க இருக்கான்னுதான கேட்டேன்?"

மேயர் சொன்னபடியே எழுதினார். சில மாதம் கழித்துக் கப்பல் தபாலில் வந்த கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். பழைய வரைபடங்களில் அப்படி ஓர் இடமே குறிக்கப்படவில்லை என்றும், தாயின் துயரத்தில் தாம் பங்குகொள்வதாகவும் இருந்தது. கீழே அவர் கையெழுத்து.

அம்மா என்னைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். பிறகு, "அப்ப நான்தான் கனவு கண்டேனா?" என்று கேட்டாள்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எடம் இருந்துச்சு. நாம கப்பலேறுறதுக்கு முன்னாடி, ஓடைய மூடி ரோடு போட்டப்ப நானும் வேலைக்குப் போனேன். வேற வேலை கெடைக்கல. அவன் இருந்த பக்கம் மட்டும் நான் கல்லு போடல. வேற ஆளுங்க போட்டாங்க."

அம்மா அழவில்லை. "இத்தன வருஷமா ஒங்களுக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னாள். அதன்பின் ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் என் மூலமாகத்தான் சொன்னார்கள். "அப்பாகிட்ட அரிசி இல்லைன்னு சொல்லு" என்பாள், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. அந்த வீட்டில் படிக்க முடியாமல் நான் சிநேகிதி வீட்டில் போய்ப் படித்தேன். அப்பா மேல் எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எது அதிகம் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

மேயர் இறந்த செய்தி எழுபதுகளில், ஒரு வாரப் பழைய பேப்பரில் வந்தது. அதற்குள் அம்மாவும் அப்பாவும் தேவைக்கு மட்டும் பேசத் தொடங்கியிருந்தார்கள். அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை அணிந்து இரங்கல் கூட்டத்துக்குப் போனார். அம்மா தடுக்கவுமில்லை, கூடப் போகவுமில்லை.

திரும்பி வந்தவரிடம், "கூட்டம் நெறையவா?" என்று கேட்டாள்.

"பத்துப் பேர் இருப்போம்."

அம்மா தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள். அப்பா உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.