கரண்டு போன நேரத்து ஜெபம்

வெள்ளிக்கிழமை காலை 6.40க்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் சங்கரன்கோவில் பஸ் ஏறினேன். கட்டணம் நாலு ரூபாய் பத்து பைசா. தூரம் அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. என் தங்கை தங்கமும் அவள் கணவர் ஞானராஜும் தனித்தனியே ஆள் அனுப்பி, உடனே வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒருவர் சொல்லி அனுப்பியது மற்றவருக்குத் தெரியாது என்பதையும் வந்தவர்களே சொன்னார்கள். என்ன விஷயம் என்பதை மட்டும் இருவரும் சொல்லவில்லை.

மானூர் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் கரிசல் காடு. மழை தப்பியதால் பருத்தி முழங்கால் உயரத்தில் நின்றுபோயிருந்தது. பக்கத்தில் இருந்த பூ வியாபாரி, காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே போகிறேன் என்று கேட்டார். தறிக்காரர் தெரு என்றேன்.

"அங்கனயா? கரண்டு இருக்கையில போனா நீங்க பேசுதது அவுகளுக்குக் கேக்காது, அவுக பேசுதது உங்களுக்குக் கேக்காது. கரண்டு போனப்பொறவு போங்க அண்ணாச்சி" என்றார்.

8.30க்கு இறங்கினேன். ஸ்டாண்டில் காப்பி அறுபது பைசா; சுமார்தான். கோபுரத்தைச் சுற்றி மேற்கே நடந்தால் கால் மணி நேரம். தெருவுக்குள் நுழையும் முன்பே விசைத்தறிச் சத்தம் வந்து மோதியது. ஞானராஜின் வீட்டு முன்னறை முழுவதும் இரண்டு தறிகள். குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தங்கம் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் தறிக்கு நடுவே நின்றார். இருவரும் என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அவர்கள் மகள் மெர்சி பத்தாம் வகுப்பு, மார்ச்சில் பரீட்சை. பின்கட்டில் எனக்கு இட்லி வைத்துவிட்டுக் காதருகே வந்து கத்தினாள்.

"மாமா, இங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. மூணு வாரமாச்சி. பேசுததெல்லாம் ஜெபத்துலதான்."

விஷயத்தையும் அவளே சொன்னாள். மின்வெட்டு வந்தபின் தறி பாதி நேரம்கூட ஓடுவதில்லை. பம்பாய்ப் பக்கம் பிவண்டியில் கரண்டு நிற்பதே கிடையாதாம்; அங்கே தறி ஓட்டும் கூட்டாளி ஒருவன் ஞானராஜைக் கூப்பிட்டிருக்கிறான். அடுத்த வாரமே போகவேண்டும் என்கிறார். அம்மா கூடாது என்கிறாள்.

பதினொரு மணிக்குக் கரண்டு போனது. தெரு முழுவதும் ஒரே நொடியில் அடங்கியது. காதுக்குள் மட்டும் சத்தம் கொஞ்ச நேரம் ஓடியது. அந்த வீட்டில் முன்பு மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஏழு மணிக்குக் கரண்டு இருந்தால் தறியை நிறுத்த மனம் வருவதில்லை. ஆகவே எப்போது கரண்டு போகிறதோ அப்போது ஜெபம் என்று மாற்றிக்கொண்டார்கள். மெர்சி இரண்டு தறிக்கும் நடுவில் பாய் விரித்தாள். தங்கம் வேதாகமத்தின் மேல் படிந்த பஞ்சை ஊதிவிட்டுக் கொடுத்தாள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம். பிறகு முழங்காலிட்டோம்.

ஞானராஜ் தொடங்கினார்: "ஆண்டவரே, கரண்டு நிற்காத ஓர் ஊரை உமது அடியானுக்குக் காட்டியிருக்கிறீர். போகவிடாமல் தடுக்கிற கடின இருதயத்தை நீரே இளகப் பண்ணும்."

அடுத்தது தங்கம்: "ஆண்டவரே, கடின இருதயம் யாருக்கு என்று உமக்குத் தெரியும். கூட்டாளி பேச்சைக் கேட்டு, வயசுப் பிள்ளையை விட்டுவிட்டு ஓட நினைக்கிறவருக்கு நிதானத்தைத் தாரும்."

மெர்சி, "ஆண்டவரே, கரண்டு சீக்கிரம் வரட்டும், ஆமென்" என்று முடித்தாள். மிச்சம் எனக்கு வந்தது. நான் அரசாங்கத்துக்காக ஜெபித்தேன். மழைக்காக, நோயாளிகளுக்காக, பிரயாணத்தில் இருப்பவர்களுக்காக ஜெபித்தேன். பிவண்டியைத் தொடவில்லை.

எழுந்ததும் ஞானராஜ் சிரித்தார். "அத்தான், டெல்லியில இருந்து மழை வரைக்கும் எல்லாத்துக்கும் ஜெபிச்சிய. எங்க காரியத்த மட்டும் நைசா விட்டுட்டியளே!"

சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு மாரியம்மாளின் குரல் கேட்டது: "ஏட்டி தங்கம், இன்னைக்கு யாரு ஜெயிச்சா?"

"நீங்க வேற, சும்மா இருங்க மதினி" என்றாள் தங்கம். ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் அவளிடம் தனியே கேட்டேன். இதையெல்லாம் நேரே சொன்னால் என்ன?

"நேரா சொன்னா சண்ட வரும்ணே. ஜெபத்துல சொன்னா அவரு குறுக்க பேச முடியாதுல்லா."

"அவருக்கும் அதே வசதிதானே?"

"ஆமா. நானும் பேச முடியல" என்று சொல்லித் தார்க்குச்சிகளை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ஞானராஜோடு நடந்தேன். என் பக்கம் பேசுங்கள் என்று அவர் கேட்கவில்லை. "இந்த வீட்டுல யாரு வெளியூர் போனாலும் அவ ஜெபம் பண்ணித்தான் அனுப்புவா. எனக்காக அவ வாய் தொறக்க மாட்டேங்கா. அது இல்லாம நான் பஸ் ஏற மாட்டேன் அத்தான். அது அவளுக்கும் தெரியும்" என்றார்.

"அப்போ போக வேண்டாமே, மாப்பிள்ள."

"போவாட்டா சாப்பாட்டுக்கு வழி?" என்றார்.

சனிக்கிழமை எனக்கு 7.15 பஸ். 6.30க்குப் பையை எடுத்தபோது கரண்டு இருந்தது; இரண்டு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஞானராஜ் என் பையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக இரண்டு தறிகளையும் நிறுத்தினார். அடுத்த வீடுகளின் சத்தம் நிற்கவில்லை. எனவே நெருங்கி உட்கார்ந்தோம். தங்கம் குரலை உயர்த்தி ஜெபித்தாள்.

"ஆண்டவரே, அண்ணனைப் பத்திரமாய் வீடு கொண்டு சேரும். அங்கே இருக்கிற மதினிக்கு முழங்கால் வலி நீங்கட்டும்." அடுத்ததாக, "இந்த வீட்டிலிருந்து இன்னொருவரும்..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

பிறகு கண்ணைத் திறந்தாள். ஞானராஜின் பக்கம் திரும்பி, ஜெபத் தமிழை விட்டு வீட்டுப் பேச்சிலேயே கத்தினாள்: "மெர்சி பரீட்ச முடியட்டும். அதுவரைக்கும் இருங்க. அதுக்கப்புறம் போங்க, நானே ஜெபம் பண்ணி அனுப்புதேன். மூணு மாசம் கஞ்சி குடிச்சா செத்துற மாட்டோம்."

ஞானராஜ் கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிய கை அப்படியே இருந்தது.

"சரி" என்றார்.

"என்னது? கேக்கல."

"சரின்னேன்!"

தங்கம் கண்ணை மூடிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஆமென் சொன்னபோது மெர்சியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. நான் வாசலைத் தாண்டுவதற்குள் தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. சொல்லிக்கொள்ள வழியில்லாமல் கையை மட்டும் ஆட்டினேன்.

பஸ் பனவடலிச்சத்திரம் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஜெபம் தினமும் இரவு எட்டு மணிக்கு, வரிசை பிசகாமல் நடக்கும். ஜெபத்தின் நடுவே கண் திறக்கக்கூடாது என்று எங்கள் அப்பா தங்கத்தையும் என்னையும் ஒரே பாயில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். அன்று காலை அவள் திறந்தாள். அதை இவ்வளவு விவரமாக என்னால் எழுத முடிவது, நானும் திறந்திருந்ததால்தான்.