பெருங்களத்தூரில் ஏறுகிறவன்

"நாம பண்றது கச்சேரி இல்ல மச்சான். திவசம்."

எங்கள் டிரம்ஸ்காரன் இதைச் சொன்னது போன மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பீர்க்கன்கரணை ஏரியைப் பார்த்த மாடி அறையில் நாங்கள் மூன்று பேரும் வழக்கம்போல வாசித்து முடித்துவிட்டு வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். அந்த வீடு கிதார்காரனுடையது. அவனுக்குச் சொந்த ஊரே அதுதான். டிரம்ஸ்காரன் கீழ்க்கட்டளையில் வீடு கட்டிக்கொண்டு போன இன்சூரன்ஸ் அலுவலகக்காரன். நான் சேலையூரில் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவன், கையில் கீபோர்டு. மூன்று பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. முப்பது வருடங்களாக நாங்கள் வாசிப்பது புராக்ரசிவ் ராக்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராக் இசைதான், ஆனால் மூன்று நிமிடத்தில் முடியாது. ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். நடுவில் நாலு தடவை தாளம் மாறும். பாடுகிறவர் காணாமல் போய்விட்டுச் சாவகாசமாகத் திரும்பி வருவார். என் மனைவி இதை "சிக்னல்ல நிக்கற ரயில்" என்பாள். எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாதாம்.

"இன்னா மச்சான் இப்டி சொல்லிட்ட?" என்றான் கிதார்காரன். "போனைத் தொறந்தா தெனம் எவனாவது ஒருத்தன் புதுசா போட்டுகினு கீறான். உயிரோடதான் கீது."

"அவனும் திவசம்தான் பண்றான். இது பொறந்த வெள்ளைக்காரன் ஊர்லயே இது முடிஞ்சு போன விஷயம். நம்ம கைக்கு கேசட் வந்தப்பவே முடிஞ்சாச்சு. எரிச்சு, சாம்பலைக் கரைச்சப்புறம்தான் நமக்குத் தந்தியே வந்தது." பஜ்ஜி எண்ணெயைப் பேப்பரில் துடைத்துக்கொண்டு தொடர்ந்தான். "முன்னேறிப் போற மியூசிக்னுதானே அதுக்குப் பேரு? நாம முப்பது வருஷமா நம்ம ஒரே பாட்டை ஒரே மாதிரி வாசிக்கறோம். எங்க முன்னேறினோம்? பொங்கலுக்கு எங்க காலனி ஃபங்ஷன்ல ஒரு தடவை வாசிக்கலாம். அதோட நான் நிறுத்திக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததால்தான் கோபமே வந்தது. இருபத்திரண்டு நிமிடப் பாட்டு ஒன்றை நாங்களே உருவாக்கினோம், உண்மை. ஆனால் கல்லூரி முடித்த வருடம் அதை எப்படி வாசித்தோமோ அப்படியேதான் இன்றும் வாசிக்கிறோம். ஒரு சுரம் பிசகினால்கூட டிரம்ஸ்காரன் இரண்டு குச்சிகளையும் தலைக்குமேல் தூக்கிவிடுவான். எல்லோரும் நிறுத்த வேண்டும். மறுபடி முதலிலிருந்து. முப்பது வருடமாக இதுதான் எங்கள் சட்டம்.

அந்தப் பாட்டு பிறந்தது மின்சார ரயிலில். மூன்று பேரும் நகரத்தில் ஒரே கல்லூரியில் படித்தோம். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியில் கிதார்காரன் பெருங்களத்தூரில் ஏறி, ஜன்னலோரம் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டிபன் பாக்ஸ் வைத்து எங்களுக்கு இடம் பிடித்திருப்பான். நானும் டிரம்ஸ்காரனும் தாம்பரத்தில் ஏறுவோம். பாட்டின் நடுப்பகுதி ஏழு தட்டில் சுற்றிச் சுற்றி வரும். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் எங்கள் மூளை நாலிலோ எட்டிலோ போய் உட்கார்ந்துகொண்டது. அப்போது டிரம்ஸ்காரன்தான் ஜன்னல் கம்பியில் தட்டியபடி ஸ்டேஷன் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தான். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல். ஏழு. மறுபடி தாம்பரம். சானடோரியத்தை ஒரே தட்டுக்குள் அடைக்கத்தான் ஒரு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு நாங்கள் எண்களால் எண்ணியதே இல்லை. இன்றைக்கும் ஏழு மாத்திரை சாப்பிட வேண்டுமென்றால் நான் பழவந்தாங்கல்வரை போகிறேன்.

அவன் நிறுத்துகிறேன் என்றதும் எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். பள்ளிக்கூடமும் அவருமாக வாரம் ஓடும். சில நாள் அவரிடம் எரிந்து விழுவேன். பிறகு அதை நினைத்து அழுவேன். ஞாயிறு மட்டும் என் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய் உங்க ரயிலை ஓட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவைப்பாள். அந்த மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு வந்தால் ஒரு வாரத்துக்குப் பொறுமை இருக்கும். அப்பாவைக் கடைசிவரை ஓரளவு மனிதனாகப் பார்த்துக்கொண்டேன் என்றால் அதற்கு அவளும் அந்த மாடி அறையும்தான் காரணம். அந்த அறையில் டிரம்ஸ் இல்லாமல் போனால் நானும் கிதார்காரனும் பஜ்ஜி தின்னத்தான் சந்திக்க வேண்டும். பஜ்ஜிக்காக எத்தனை ஞாயிறு போக முடியும்?

பொங்கல் விழா அன்று காலை, டிரம்ஸை ஏற்றிக்கொண்டு போக லோடு ஆட்டோ ஒன்று பீர்க்கன்கரணைக்கு வந்தது. ஓட்டுநர், "சார், ரிட்டர்ன் உண்டா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. ஒன் வே தான். அப்புறம் என் வீட்டுப் பரண்ல ஏத்திடுவேன்" என்றான் டிரம்ஸ்காரன்.

கிதார்காரன் என்னைப் பார்த்தான். நான் ஏரியைப் பார்த்தேன்.

கீழ்க்கட்டளையில் அவன் காலனித் தெருவை அடைத்து மேடை போட்டிருந்தார்கள். உறியடி முடிந்தபின், கோலப் போட்டிப் பரிசுக்கு முன் எங்களுக்குப் பத்து நிமிடம். இருபத்திரண்டு நிமிடம் வேண்டும் என்று காலனிச் செயலாளரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் என் காதருகே வந்து, "சார், தெரிஞ்ச பாட்டா ஒண்ணு சேத்து வாசிச்சிடுங்க" என்றார். தலையை எல்லாப் பக்கமும் ஆட்டிவைத்தேன்.

ஆரம்பித்தோம். ஐந்தாவது நிமிடத்தில் முன்வரிசை காலியானது. சுண்டல் வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் எங்களை முதுகால் கேட்டார்கள். செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நாங்கள் காணாததுபோல் இருந்தோம். மெதுவான பகுதி முடிந்து ஏழு தட்டு வரும் இடம் வந்தது. அதைக் கிதார்காரன் தனியாகத் தொடங்க வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் டிரம்ஸ் சேரும், பிறகு நான். மாடி அறையில் தொடங்குமுன் அவன் எங்கள் முகத்தைப் பார்ப்பான், மூன்று பேரும் சேர்ந்து உதட்டால் 'தாம்பரம்' என்போம். அன்று மேடை விளக்கு அவன் கண்ணில் அடித்தது. பதற்றத்தில் எங்களைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கிவிட்டான்.

முதல் சுற்றைக் கேட்டேன். ஒரு சுரம் அதிகமாக இருந்தது. அவன் உதட்டைப் பார்த்தேன். பெருங்களத்தூர், தாம்பரம், சானடோரியம் என்று போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடியதும் தன் ஊர் ஸ்டேஷனில் ஏறிவிட்டான். எட்டு தட்டு. எதுவும் தெரியாமல் சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் டிரம்ஸ் ஏழில் சேர்ந்துவிட்டது. இரண்டும் விலக ஆரம்பித்தன. டிரம்ஸ்காரனின் குச்சிகள் தலைக்குமேல் போயின. முடிந்தது என்று நினைத்தேன். கடைசிக் கச்சேரியும் முதலிலிருந்து, அல்லது இங்கேயே நிற்கப்போகிறது. அவன் குச்சிகளை அங்கேயே பிடித்தபடி இரண்டு தட்டு கிதார்காரனைப் பார்த்தான். பிறகு இறக்கினான். நிறுத்தவில்லை. விட்ட இடத்தைச் சரியாகப் பிடித்து, தன் ஏழு தட்டை அடக்கமாக, உறுதியாக வாசித்தான். கிதார்காரன் எட்டில், இவன் ஏழில். பக்கத்துத் தண்டவாளத்தில் பாஸ்ட் வண்டி நம் வண்டியைத் தாண்டிப் போகுமே, அந்த மாதிரி இரண்டு தாளமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போயின. நான் இரண்டு கையையும் கீபோர்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, எந்த வண்டியில் ஏறுவது என்று தெரியாமல் நின்றேன்.

டிரம்ஸ்காரன் என்னைப் பார்த்து 'பொறு' என்று கண்ணால் சொன்னான். அவனுக்குக் கணக்கு வரும். ஏழும் எட்டும் எங்கேயாவது சந்தித்துத்தானே ஆக வேண்டும். ஐம்பத்தாறாவது தட்டு முடிந்ததும் இரண்டும் ஒரே சமயத்தில் முதல் தட்டுக்கு வந்து நின்றன. அவன் தலையசைத்தான். பத்து விரலையும் அழுத்தினேன். அப்படி ஒரு சத்தம் எங்கள் பாட்டில் அதுவரை இருந்ததில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. சுண்டல் வரிசையில் ஒரே ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். செயலாளர்கூடக் கையை இறக்கிவிட்டார், சலித்துப்போயும் இறக்கியிருக்கலாம்.

வாசித்து முடித்ததும் மைக்கைப் பிடுங்கிக் கோலப் பரிசுகளை அறிவித்தார்கள். நாங்கள் மேடைக்குப் பின்னால் காகிதக் கப்பில் சுண்டலோடு நின்றோம். "நடுவுல இன்னாமோ மாத்திட்டீங்களே மச்சான்" என்றான் கிதார்காரன். "சூப்பரா இருந்துச்சு. எனக்குச் சொல்லவே இல்ல."

நான் வாயைத் திறந்தேன். டிரம்ஸ்காரன் என் கையை அழுத்தினான். அவன் கண் கலங்கியிருந்தது. முப்பது வருடத்தில் அவன் ஒரு பிசகை உள்ளே விட்டது அன்றுதான். நிறுத்தாமல் விட்டதற்கு அவனுக்கும், கண்ணை மூடியதற்கு இவனுக்கும் நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரும் கிண்டல் செய்வார்கள். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

டிரம்ஸ்காரன் போனை எடுத்துக் காலையில் வந்த ஓட்டுநரைக் கூப்பிட்டான். "அண்ணா, ரிட்டர்ன் ட்ரிப் இருக்கு. ஆமா, அதே வீடுதான், ஏரிக்கரை." போனைப் பையில் போட்டுக்கொண்டு கிதார்காரனிடம் திரும்பினான்.

"ஞாயித்துக்கிழமை நீ பெருங்களத்தூர்லேர்ந்தே ஆரம்பி."

கிதார்காரன் சுண்டலை மென்றபடி அவனைப் புரியாமல் பார்த்தான்.

"நான் எப்பவும் அங்கதானே மச்சான் ஏறுவேன்" என்றான்.