கடைசிச் சுற்றுக்குப் பிறகு

யுத்தம் முடிந்தபின் ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்த விமான ஓடுதளம் ஒன்று புழலுக்கு அப்பால் இருந்தது. ஐம்பதுகளில் அங்கே விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு கார்ப் பந்தயம் வைத்தார்கள். வேகம் மட்டும் போதாது, நாள் முழுக்கத் தாங்கிச் சுற்ற வேண்டும். தண்டையார்பேட்டையில் நான் ஃபிட்டராக இருந்த ஒர்க்‌ஷாப் முதலாளி ஓர் இங்கிலீஷ் காரை இறக்கினார். எதிரி ஒர்க்‌ஷாப் இறக்கியது இத்தாலிக் கார்.

எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது. இத்தாலி வண்டி சீறிக்கொண்டு போகும், ஆனால் அதன் கியர்பாக்ஸ் நம்மூர் வெயிலுக்குத் தாங்காது என்றேன் நான்.

"நம்ம வண்டி மட்டும் இன்னா நைனா, எருமை மாரி கீது. ஆயில் வேற ஒழுவுது. பிரேக்கு தீஞ்சிபூடும் பாரு" என்றான் எங்கள் வெல்டர்.

"ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தா சரி" என்று அவன் வாயை அடைத்தேன்.

டயர், ரேடியேட்டர் என்று எல்லாவற்றையும் எடைபோட்டோம். ஓட்டுகிறவனை எடைபோட ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஓட்டியவன் என் தங்கையின் புருஷன். புதுசாகக் கல்யாணமானவன். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் டிரைவராகச் சேருமுன் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டினான். ஆரம்பித்த சரக்கைப் பாதியில் அடுத்தவன் கையில் கொடுத்தால் சங்கிலி அறுந்து ஆள் பலி கேட்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பந்தயத்துக்கு மாற்று டிரைவர் ஒருவர் தயாராக நின்றார். மத்தியானம் பெட்ரோலுக்கு வண்டி வந்தபோது, "எறங்கு மாப்ளே, அவரு ஓட்டட்டும்" என்றேன்.

"பாதியில கை மாத்தக்கூடாது மச்சான்" என்றான், என்னைப் பார்க்காமலே.

அதன்பிறகு கானல் கிளம்பியது. தளத்தின் கோடியில் கார்கள் சக்கரமே இல்லாமல் மிதந்து வந்தன. சில சமயம் சத்தம் பக்கத்தில் வந்துவிடும், வண்டி கண்ணில் படாது. கடைசியில் இத்தாலி வண்டியின் கியர்பாக்ஸ் உடைந்தது, நாங்கள் ஜெயித்தோம். மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம். அவன் உடம்பு கட்டைபோல் விறைத்திருந்தது.

மறுநாள் காலை ராயபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எதிரே இட்லி ஆறிக் கிடந்தது. இரண்டு கைகளும் வெறுங்காற்றைப் பிடித்திருந்தன. வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. சற்றைக்கொருதரம் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அது அந்த ஓடுதளத்தின் வளைவு என்று எனக்குத் தெரியும்.

"வந்ததுலேர்ந்து இப்டியேதாண்ணா கீறாரு. கூப்டா திரும்ப மாட்டேன்றாரு" என்று தங்கை அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எல்லாம் முடிஞ்சிபோச்சிய்யா. நீ ஜெயிச்சிட்ட. எறங்கு."

அவன் பார்வை எதிர்ச்சுவரை விட்டு நகரவில்லை. "இப்ப எப்டிம்மே எறங்கறது? நீயும் உள்ள கீறியே" என்றான். உடம்பு மறுபடி சாய்ந்தது.

என் தங்கை பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.