வளைவில் அடிக்காத ஹோன்

மண்சரிவில் நசுங்கிய வலது பாதம் ஆறிய பிறகும் ஜெயகாந்தனுக்கு மடங்கவில்லை. கந்தப்பளை டவுனுக்கு வரும் பார்சல்களை மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அதற்காக அவன் விட்டுவிடவுமில்லை. ஏற்றத்தில் பிரேக்கை மிதித்தபடி நிற்பது மட்டும்தான் அவனால் முடியாது.

விதி அவனைக் குடிவைத்தது ஏற்றத்தில். வாடகை வீட்டின் கராஜுக்கு மோட்டாரில் ஏறி இறங்கும் ஷட்டர். அதன் முன்னால் செங்குத்தான கொங்கிரீட் சரிவு. மழையில் அங்கே நின்று ரிமோட்டைத் துழாவி எடுப்பதற்குள் பல தடவை விழுந்திருக்கிறான். கடைசியாக விழுந்தபோது, அவன்மேல் கிடந்த வண்டியை அழுதுகொண்டே தூக்கியவள் அவன் மனைவி வினோதா.

மறுநாள் பகல் ரேடியோ திருத்தும் அஸ்ஹரின் கடையில் ரிமோட்டைக் கழற்றினார்கள். பட்டனின் இரண்டு கால்களிலும் மெல்லிய வயர்களை ஈயம் வைத்து ஒட்டி, ஒரு ரிலே வழியாக வண்டியின் ஹோனோடு இணைத்தார்கள். இனி ஹோன் அடித்தால் ஷட்டர் திறக்கும். நிற்காமல் நேரே உள்ளே போய்விடலாம்.

"தனியா ஒரு சுவிட்ச் போடுங்க காந்தண்ணே. ஹோன்ல குடுத்தா வம்பு" என்றான் அஸ்ஹர்.

"கையொறை போட்டா சின்ன சுவிட்ச் தட்டுப்படாது தம்பி. ஹோனுன்னா கண்ண மூடிக்கிட்டு அமுக்குவேன்."

"ஒத்த பட்டன் ரிமோட்டுண்ணே. ஒருக்கா அமுக்குனா தொறக்கும், இன்னொருக்கா அமுக்குனா மூடும், நடுவுல அமுக்குனா நிக்கும்."

"என் பொண்டாட்டியும் அப்புடித்தான்டா!"

இருவரும் சிரித்தார்கள்.

மாலையில் பனிமூட்டம் ரோட்டை விழுங்கியிருந்தது. வீட்டுக்குக் கீழே உள்ள வளைவை நெருங்கியதும், மலை ரோட்டில் ஓட்டுகிற எவரையும் போல, அவன் ஹோன் அடித்தான். பதில் ஹோன் வரவில்லை. மறுபடி அடித்தான். மறுபடியும் அடித்தான். ரோட்டு வழியே வீடு தூரம்தான். ஆனால் அந்த வளைவு, ரிமோட் எட்டும் தூரத்தில், கராஜுக்கு நேர் கீழே இருப்பதை அவன் நினைக்கவேயில்லை.

முதல் ஹோனுக்கே மேலே ஷட்டர் தானாகத் திறந்தது. புருஷன் வந்துவிட்டான் என்று தலை துவட்ட உலர்ந்த துவாயோடு கராஜ் வாசலுக்கு ஓடினாள் வினோதா. ஈரத்தில் கால் வழுக்கி ஷட்டருக்கு அடியில் குறுக்கே விழுந்தாள். எழுவதற்குள் மூன்றாவது ஹோனுக்கு ஷட்டர் இறங்கத் தொடங்கியது.

"ஐயோ! என் காலு!"

அந்த அலறல் பனியைக் கிழித்துக்கொண்டு வளைவுக்கு வந்தது. ஜெயகாந்தனுக்கு எல்லாம் ஒரே கணத்தில் விளங்கியது. எத்தனை தடவை அமுக்கினான்? பதற்றத்தில் அவனுக்கே நினைவில்லை. இன்னொரு தடவை அமுக்கினால் ஷட்டர் ஏறுமா, அவள் காலை நசுக்குமா?

அதே நேரம் மேலிருந்து லொறியொன்று உறுமிக்கொண்டு இறங்கியது. ஹோன் அடித்தால்தான் அவன் இருப்பது லொறிக்காரனுக்குத் தெரியும். பெருவிரல் ஹோன் பொத்தானைத் தொட்டது.

அவன் அமுக்கவில்லை.

விரலை எடுத்தான். வண்டியை ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் திருப்பினான். லொறி அவன் தோளை உரசுவது போலக் கடந்து போனது. கானுக்குள் கிடந்த வண்டியை விட்டுவிட்டு, தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து மேலே தவழ்ந்தான்.

ஷட்டர் அவள் கணுக்காலை அழுத்தியபடி அதற்கு மேல் இறங்காமல் நின்றிருந்தது. தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. வீட்டுக் கதவு வழியாகக் கராஜுக்குள் நொண்டிப் போய், சுவரிலிருந்த மேலேற்றும் பொத்தானை அறைந்தான். ஷட்டர் கிறீச்சிட்டு ஏறியது.

கால் வீங்கியிருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. அவளை மடியில் சாய்த்துக்கொண்டு குழந்தையைப் போல விம்மினான்.

"அழுவாதீங்க. லொறிச் சத்தம் கேட்டுச்சு... நீங்க ஏங்க ஹோன் அடிக்கல?"

"அடிச்சா ஷட்டர் எந்தப் பக்கம் போவும்னு தெரியல புள்ள."

"அதுக்காக லொறிக்கு முன்னால சும்மா நின்னீங்களா?"

"சும்மா எங்க நின்னேன்? கானுக்குள்ளல்ல வுழுந்தேன்."

அவள் அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையாலேயே அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். பிறகு அவள்தான் அழத் தொடங்கினாள்.